மார்வின் சொன்னதும் நான் சொன்னதும்

1. கணுக்கால்

சம்பளத்துக்கு நான் மொழிபெயர்த்த முதல் வசனத்தைக் கேட்டு ஒரு டாக்டர் மருந்துப் பெட்டியோடு ஓடிவந்தார். அதனால் அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பலெர்மோவில் ஒரு கூடைப்பந்துக் கிளப்பின் தலைவர் வீட்டில் காலையில் சமையலும் துப்புரவும். பின்னேரம் அதே கிளப்பின் உள்ளரங்கில் தரை துடைப்பதும் ஆட்டக்காரரின் பெனியன்களைத் தோய்ப்பதும். இதுதான் அப்போது என் வேலை. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் எட்டு வருடம் இங்கிலீஷ் படிப்பித்தவள் என்பதைத் தலைவரின் மனைவியிடம் ஒருநாள் வாய்தவறிச் சொல்லியிருந்தேன். அந்த வருடம் கிளப் அமெரிக்காவிலிருந்து மார்வின் என்ற ஆட்டக்காரனை எடுத்தது. அவனுக்கு இத்தாலியன் தெரியாது. கோச்சுக்கு இங்கிலீஷ் தெரியாது. தலைவர் என்னைக் கூப்பிட்டு, துடைப்பத்தைச் சுவரோடு சாத்திவிட்டு அந்த ஆளுக்குப் பக்கத்தில் போய் நில் என்றார்.

நின்றேன். என் தலை அவனுடைய முழங்கைக்குச் சரியாக வந்தது. எனக்கு முப்பத்தெட்டு, அவனுக்கு இருபத்தாறு. அதனால்தான் இங்கே 'அவன்' என்று எழுதுகிறேன். நேரில் 'மிஸ்டர் மார்வின்' என்றுதான் கூப்பிட்டேன். அவன் என்னை 'மிஸ் சந்திரா' என்றான்.

பயிற்சியில் எங்கள் ஆட்டக்காரன் ஒருவன் பந்தை இடமும் வலமும் தட்டிப் போக்குக் காட்ட, எதிரே மறித்து நின்றவன் கால் தடுமாறி விழுந்தான். மார்வின் கைதட்டி ஏதோ கத்தினான். என்னவாம் என்று கோச் கேட்டார். எனக்குக் கேட்டதை அப்படியே இத்தாலியனில் சொன்னேன்:

"அவன்ரை இரண்டு கணுக்காலையும் முறிச்சுப்போட்டானாம்."

கோச்சின் முகம் வெளுத்தது. டாக்டர் ஓடிவந்தார். விழுந்தவனின் சப்பாத்தைக் கழற்றி, காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவனோ கூச்சம் தாங்காமல் சிரித்துக்கொண்டு கிடந்தான். போக்குக் காட்டி ஆளை விழுத்துவதைத்தான் இவர்கள் கணுக்கால் முறிப்பது என்று சொல்வார்களாம். மார்வின் எனக்கு அதை விளங்கப்படுத்தி முடிக்கும்போது டாக்டர் பெட்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு அந்த சீசன் முடியும்வரை நான் சொன்ன எதற்கும் அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

2. சிவப்புப் பென்சில்

மார்வினின் இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் விளங்கியது. அதைத் தலைவருக்குச் சொல்ல வெட்கம். நாற்பது தாள் கொப்பி ஒன்று வாங்கி, இடப்பக்கம் அவன் சொன்ன சொல்லையும் வலப்பக்கம் பொருளையும் எழுதத் தொடங்கினேன். பந்துக்குப் பெயர் கல்லு. வளையத்தில் மோதித் திரும்பிவரும் பந்து செங்கல். எதிராளியின் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்தால் அது பிஸ்கற். 'நாஸ்ரி' என்பதற்கு நேரே 'அருவருப்பானவன்' என்று எழுதியிருந்தேன். பிறகு வெட்டிவிட்டு 'மிகவும் கெட்டிக்காரன்' என்று திருத்தினேன். 'பாட்', அதாவது கெட்டது, என்றால் நல்லது.

"நல்லதைக் கெட்டது எண்டு சொன்னால், கெட்டதை என்னெண்டு சொல்லுவீங்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

மார்வின் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தான். "எங்கடை டிஃபென்ஸ்" என்றான்.

பகிடியை ரசித்தேன். ஆனால் அவனுடைய இலக்கணத்தை என்னால் ரசிக்க முடியவில்லை. எட்டு வருடம் சிவப்புப் பென்சில் பிடித்த கை. ஒன்றுமில்லை என்பதற்கு ஒரே வசனத்தில் இரண்டு எதிர்மறை போடுவான். இரண்டு எதிர்மறை சேர்ந்தால் உடன்பாடாகிவிடும், மிஸ்டர் மார்வின் என்பேன். "யெஸ், மாம்" என்று பணிவாகத் தலையாட்டுவான். அடுத்த நிமிடம் மூன்று எதிர்மறை போடுவான். வேண்டுமென்றே செய்கிறான் என்று எனக்கு அப்போது படவில்லை.

தலைவரின் மனைவி ஒருநாள், அந்த அமெரிக்கன் எப்படிப்பட்டவன் என்று கேட்டா. கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே சொன்னேன். நல்ல குணம், மரியாதை தெரிந்தவன், ஆனால் படிப்பில்லை. கதையைக் கேட்டாலே தெரியும்.

என் வேலை வாழ்க்கையில் நான் செய்த முதல் பெரிய பிழை அது. அந்த வசனம் சாப்பாட்டு மேசைக்குப் போனது, மேசையிலிருந்து அரங்கின் இருக்கைகளுக்குப் போனது. ஒரு மாதத்தில், அமெரிக்கனுக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்று உள்ளரங்குக்கு எதிரேயிருந்த கோப்பிக் கடைக்காரர் எனக்கே சொன்னார். ரசிகர் சங்கத்தார் மனமிரங்கி, ஆட்டத்துக்கு முன்னால் மைதான நடுவில் வைத்து அவனுக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். படம் போட்ட குழந்தைகள் அரிச்சுவடி. மார்வின் அதை இரண்டு கையாலும் வாங்கி, முதல் பக்கத்தைத் திறந்து பார்த்து, நன்றி சொன்னான். நான் தரையைத் துடைத்தேன். அது ஏற்கெனவே துடைத்த தரை.

3. 'கில்லர்'

சீசனின் கடைசி மாதங்களில் எங்களுக்கும் கடலுக்கு அந்தப் பக்கத்து ஊர் ஒன்றுக்கும் முக்கியமான ஆட்டம் வந்தது. தோற்றால் லீக்கின் கீழ்ப் பிரிவுக்கு இறங்கவேண்டும். ஒரு பத்திரிகைக்காரர் மார்வினைப் பேட்டி எடுக்க வந்தார். நல்ல சேட்டு, மணிக்கூடு, சுருட்டிய குறிப்புக் கொப்பி. கடைசி நிமிடங்களில் பதற்றம் வராதா என்று கேட்டார்.

மார்வின் சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஐ ஆம் எ கில்லர், மேன். வி கோனா பெரி தெம் இன் தெயர் ஓன் ஹவுஸ்."

இதற்குள் எனக்கு அவனுடைய பாஷை ஓரளவு பிடிபட்டிருந்தது. கடைசி நிமிடத்தில் கை நடுங்காமல் போடுவேன், அவர்கள் ஊரிலேயே வெல்வோம் என்கிறான் என்று எனக்குத் தெரியும். ஆனால் பத்திரிகைக்காரர் பேனாவை நீட்டிக்கொண்டு நின்றார். மொழிபெயர்ப்பாளர் தன் சரக்கைச் சேர்க்கக்கூடாது, சொன்னதைச் சொன்னபடி சொல்லவேண்டும் என்று எங்கேயோ வாசித்திருந்தேன். நேர்மையாக நடக்கிறேன் என்ற பெருமையோடு சொல்லுக்குச் சொல் கொடுத்தேன். நான் ஒரு கில்லர், அவர்களை அவர்களுடைய வீட்டிலேயே புதைப்போம்.

இங்கே ஒன்று விளங்கப்படுத்தவேண்டும். 'கில்லர்' என்ற சொல்லை இத்தாலியப் பத்திரிகைகளும் பாவிக்கின்றன. ஆனால் அவர்களுக்கு அதன் பொருள் ஒன்றே ஒன்றுதான்: கூலிக்கு ஆளைச் சுடுகிறவன். அந்த வருடங்களில் பலெர்மோக்காரர் அந்தச் சொல்லைக் காலைக் கோப்பியோடு வாசித்துச் சலித்திருந்தார்கள். மாஃபியாக் கொலைகளுக்கு நீதி கேட்டு வெள்ளைப் படுக்கை விரிப்புகளைப் பல்கனியில் தொங்கவிட்ட சனம் அது.

அடுத்த நாள் மார்வினின் படம் அரைப் பக்கத்துக்கு வந்தது. படத்துக்கு மேலே: 'நான் கில்லர். அவர்களை வீட்டிலேயே புதைப்பேன்.'

நகரத்தின் பிரான்காச்சோப் பகுதியில் ஒரு பள்ளிக்கூடம் பிள்ளைகளோடு விளையாட அவனைக் கூப்பிட்டிருந்தது. காலை எட்டரைக்கே ரெலிபோன் எடுத்து, வரவேண்டாம் என்றது. பத்து மணிக்கு எதிர் ஊர்க் கிளப் முறைப்பாடு கொடுத்தது. மத்தியானம் இரண்டு பொலிஸ்காரர் வந்து, மரியாதையாகத்தான், சில கேள்வி கேட்டு, அவனுடைய பெர்மெஸ்ஸோவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இங்கே இருப்பதற்கான அந்தத் தாளை ஒரு பொலிஸ்காரர் கையில் எடுத்துப் புரட்டுவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பின்னேரம் லீக்கின் ஒழுக்கக் குழு அவனை விசாரணைக்கு அழைத்தது. தடை வந்தால் கிளப் அவனை ஊருக்கு அனுப்பிவிடும் என்று கோச் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

கோப்பிக் கடைக்காரர் மட்டும் ஆச்சரியப்படவில்லை. படிப்பில்லாதவன் வேறு எப்படிக் கதைப்பான் என்று கேட்டார்.

4. எதிர்ப் பல்கனி

நாங்கள் கால்சா என்ற பழைய பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்தோம். வீட்டில் இவருக்கு, என் புருஷனுக்கு, நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு இவர் சொன்னது:

"நீர் சும்மா இரும். பேப்பரிலை உம்மடை பேர் வரேல்லை. நாங்கள் கேட்டு வாங்கின தாளிலை இருக்கிற ஆக்கள். அந்தப் பொடியனுக்கு அமெரிக்கா இருக்கு, எங்களுக்கு என்ன இருக்கு?"

இவர் சொன்னதில் நியாயம் இருந்தது. உடுப்புக் காயப்போடப் பல்கனிக்குப் போனேன். எதிர்ப் பல்கனியில் ஒரு சிசிலிக்கார அம்மா, மீன் வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்த புருஷனைக் கீழே தெருவில் நிறுத்திவைத்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தா. உன்னைக் கொல்லுவன், உன்ரை தலையைப் பிடுங்கிப்போடுவன். அந்த மனிசன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சிகரெட் பற்றவைத்தார். தெருவில் ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. யாரும் பொலிசுக்குச் சொல்லவில்லை.

உள்ளே என் மகள் பால் குடிக்காமல் விளையாடிக்கொண்டிருந்தாள். "இப்ப குடிக்கேல்லையெண்டால் உன்னைக் கொல்லுவன்" என்று அவளைப் பார்த்துச் சொன்னேன். சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

அடுத்த நாள் மார்வின் உடுப்புத் தோய்க்கும் அறைக்கு வந்தபோது சொல்லிவிட்டேன். பத்திரிகையில் வந்த சொற்கள் நான் கொடுத்தவை. பொருள் தெரிந்துகொண்டே சொல்லை மட்டும் கொடுத்தேன். படிப்பில்லை என்ற கதையும் என் வாயிலிருந்து புறப்பட்டதுதான். கடைசியைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவன் மெஷினுக்கு மேலே ஏறி உட்கார்ந்தான். பிறகு கதைக்கத் தொடங்கினான். அப்படி ஓர் இங்கிலீஷை நான் அவன் வாயிலிருந்து கேட்டதேயில்லை. முழு முழு வசனம், ஒன்றுக்குள் ஒன்று அடங்கி, முடியவேண்டிய இடத்தில் முடிந்தது. எங்கள் பழைய தலைமையாசிரியை கேட்டிருந்தால் எழும்பி நின்றிருப்பா. பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவனாம். தாய் ஒரு பள்ளிக்கூட அதிபராம். வீட்டு மேசையில் ஓர் எதிர்மறை கூடினால் சாப்பாடு கிடைக்காதாம்.

"அப்ப ஏன் என்னோடை அப்பிடிக் கதைச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"அது விளையாடுற இடத்துப் பாஷை, மிஸ் சந்திரா. எங்கடை ஆக்கள் செய்தது, எனக்குப் பிடிக்கும். அம்மாவின்ரை மேசைக்கு ஒண்டு, வங்கிக்கு ஒண்டு, இஞ்சை ஒண்டு. உங்களிட்டை எத்தினை இருக்கு?"

எண்ணிப் பார்த்தேன். வீட்டில் ஒரு தமிழ், மாதா கோயிலில் இந்தியக் கன்னியாஸ்திரி ஒருவரோடு ஒரு தமிழ், தலைவரின் மனைவி சிஞ்ஞோராவோடு ஓர் இத்தாலியன், மீன்காரனோடு வேறொன்று. மார்வின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அந்தச் சிவப்புப் பென்சில் தனக்குச் சந்தோசம் தந்தது, அதனால்தான் மூன்றாவது எதிர்மறையைச் சேர்த்தேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

5. விசாரணை

நீள மேசை. அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் பத்திரிகையைக் கத்தரித்து ஒரு கோப்பில் ஒட்டிவைத்திருந்தார். இந்தப் பக்கம் மார்வின், கிளப் தலைவர், நான். வாயைத் திறக்காதே, கேட்டதை மட்டும் மொழிபெயர் என்று தலைவர் காரில் வரும்போதே சொல்லியிருந்தார்.

முதல் கேள்வியை அவர்கள் மார்வினிடம் கேட்டார்கள். நான் அதை மொழிபெயர்க்காமல், அந்தப் பேட்டியில் பிழை என்னுடையது என்று சொன்னேன். தலைவர் தொண்டையைச் செருமினார். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

அந்தச் சொற்களை அவர் சொன்னாரா இல்லையா என்று கேட்டார். சொன்னார் என்றேன். அப்படியென்றால் பிழை எங்கே என்றார். ஆளைக் கொல்லுவேன் என்கிறவன் கொலைகாரன்தானே?

வீட்டில் இவர் எச்சரித்த தாள் நினைவுக்கு வந்தது. ஆனால் வாய் முந்திவிட்டது.

"சிஞ்ஞோர், போன ஞாயிற்றுக்கிழமை எங்கடை தலைவர் முன்வரிசையிலை எழும்பி நிண்டு, உன்னைக் கொல்லுவன், உன்ரை தலையைப் பிடுங்குவன் எண்டு நடுவரைப் பாத்துக் கத்தினவர். சிசிலியன்லை. நான் பக்கத்திலை துடைப்பத்தோடை நிண்டனான். அதை ஆரேனும் நல்ல இத்தாலியன்லை எழுதிப் பேப்பரிலை போட்டால், தலைவரையும் இஞ்சை கூப்பிடுவீங்களோ?"

தலைவர் தன் கழுத்துப் பட்டியை ஆராய்ந்துகொண்டிருந்தார். பிறகு வலப்பக்கம் இருந்த வயதானவருக்குத் தோள் குலுங்கத் தொடங்கியது. அவர் பலெர்மோக்காரர். நடுவில் இருந்தவர் வடக்கு இத்தாலிக்காரர். வயதானவர் அவருடைய காதுக்குள் ஏதோ சொன்னார். இந்த ஊரில் தாய்மார் பிள்ளைகளோடு எப்படிக் கதைப்பார்கள் என்று விளங்கப்படுத்தியிருப்பார் என்று நினைக்கிறேன்.

தடை வரவில்லை. எச்சரிக்கை வந்தது. இந்த சீசனில் வாயால் வந்த பிழை என்று நடுவர் ஓர் அறிக்கை எழுதினால் அதோடு தடைதான். இங்கிலீஷிலும் இத்தாலியனிலும் நாக்கைக் கவனிக்கும்படி சொன்னார்கள்.

காரில் தலைவர் என்னோடு பேசவில்லை. வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு அடுத்த நாள் காலை வீட்டு மணியை அடித்தேன். அவரே கதவைத் திறந்தார். சிசிலியன் எவ்வளவு விளங்கும் என்று கேட்டார். எல்லாம் விளங்கும் என்றேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் ரெலிபோன் கதைக்கும்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதே பத்திரிகைக்காரர் மறுபடி வந்தார். இந்தமுறை மார்வின் தாயின் மேசை இங்கிலீஷில் பதில் சொன்னான். எதிரணியின் ஒழுங்கை மதிப்பதாகவும், போட்டி கடினமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதாகவும் சொன்னான். நான் அப்படியே மொழிபெயர்த்தேன். பத்திரிகைக்காரர் இரண்டு வரி எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார். இது சப்பென்று இருக்கிறது, இவர்கள் இப்படிக் கதைப்பதில்லையே, நீ கொஞ்சம் உப்புப் புளி போட்டுத் தரக்கூடாதா என்று என்னைக் கேட்டார். வெருட்டினாலும் பிழை, மரியாதையாகக் கதைத்தாலும் பிழை. மார்வினுக்கு அவர் கேட்டதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் மிகவும் சந்தோசப்பட்டான்.

6. புட்டும் சம்பலும்

அந்த ஊரில் போய் வென்றோம், ஆனால் அது மட்டும் போதவில்லை. கடைசி ஆட்டம் எங்கள் உள்ளரங்கிலேயே. வென்றால் தப்பினோம். அதற்கு மூன்று நாள் முன்னால் மார்வின் உடுப்பு அறைக்கு வந்து ஒரு நியாயம் சொன்னான். வாய் திறக்காமல் அவனுக்கு விளையாட வராது. சத்தம் போட்டால்தான் கால் ஓடும். இங்கிலீஷும் இத்தாலியனும்தானே தடை? உங்கள் மொழியில் ஆளை வெருட்டுகிற மாதிரி ஏதாவது தாருங்கள் என்றான்.

நான் ஒரு பெண்கள் பள்ளிக்கூட ரீச்சர். தூஷணம் சொல்லிக் கொடுக்கமாட்டேன் என்றேன். கெட்டதாக இருக்கத் தேவையில்லை, கேட்க உறைப்பாக இருந்தால் போதும் என்றான். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

"புட்டும் சம்பலும்" என்றேன்.

அவன் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தான். அது சாப்பாடு என்று யாரும் நம்பமாட்டார்கள்.

ஞாயிறு பின்னேரம் அரங்கு நிறைந்திருந்தது. கோயிலில் பூசை முடிந்து எங்கள் சனமும் பத்துப் பதினைந்து பேர் வந்து மேல் வரிசையில் இருந்தார்கள். மன்னாரைச் சேர்ந்த பிலோமினா அவர்களுக்கு நடுவில். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருந்தது. இரண்டு புள்ளி பின்னால் நின்றோம். மார்வின் பந்தோடு ஓடிவந்து, மறித்து நின்ற நெடியவனின் முகத்துக்கு நேரே கத்தினான்:

"புட்டும் சம்பலும்!"

நெடியவன் ஒரு அடி பின்வாங்கினான். பந்து கூடைக்குள் போனது. மேல் வரிசையில் எங்கள் சனம் எழும்பி நின்று கைதட்டியது. நடுவர் விசில் ஊதினார்.

நான் ஒன்றை யோசிக்காமல் விட்டிருந்தேன். இத்தாலியனில் 'புட்' என்று தொடங்கும் ஒரு தூஷணம் இருக்கிறது. மற்றவனின் தாயையோ சகோதரியையோ இழுக்கிற தூஷணம். நடுவரின் காதில் விழுந்தது அதுதான். ரெக்னிக்கல் ஃபவுல் என்று கையைக் காட்டிவிட்டு அறிக்கைத் தாளை எடுக்கப் போனார். கோச் தலையில் கைவைத்தார். மார்வின் என்னைப் பார்த்தான்.

நடுவர் என்னைக் கூப்பிட்டு, இவன் என்ன சொன்னான் என்று கேட்டார்.

"அரிசிமாவைத் தேங்காய்ப்பூவோடை குழைச்சு, ஆவியிலை அவிக்கிறது. மற்றது, தேங்காயும் மிளகாயும் சேத்து இடிக்கிறது" என்றேன்.

என்னைப் பகிடி பண்ணுகிறாயா என்றார். அதற்குள் பிலோமினா படிகளில் இறங்கி வந்துவிட்டா. ஆட்டம் முடிந்ததும் வேலைக்குப் போகவேண்டியவ, கையில் சாப்பாட்டுப் பெட்டி. அதைத் திறந்து நடுவரின் மூக்குக்குக் கீழே பிடித்து, முதலில் வெள்ளையைக் காட்டி "புட்டு" என்றா. பிறகு சிவப்பைக் காட்டி "சம்பல்" என்றா. நடுவர் பெட்டியைப் பார்த்தார், பிலோமினாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விரல் நுனியில் கொஞ்சம் சம்பலைத் தொட்டு வாயில் வைத்தார். கண் கலங்கியது.

ஊதிய விசிலை அவர் திரும்ப எடுக்கவில்லை. எதிரணிக்கு எறிய விட்டார்கள், அவர்கள் ஒன்றைப் போட்டார்கள். ஆனால் அறிக்கைத் தாளில் அவர் ஒன்றும் எழுதவில்லை. கடைசி நொடிகளில் மார்வின் தூரத்திலிருந்து ஒன்று போட்டான். கை நடுங்கவில்லை. வென்றோம்.

அடுத்த வருடத்திலிருந்து என் தொழில் இதுதான். நீதிமன்றத்திலும் ஆஸ்பத்திரியிலும் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்திலும் எங்கள் சனத்துக்கு இருபத்துச் சொச்சம் வருடம் மொழிபெயர்த்துவிட்டு ஓய்வெடுத்திருக்கிறேன். இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் நல்ல அகராதிகளோடு வருகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சொல்லைக் கேட்க முன்னம் சொல்லுகிறவரின் முகத்தைப் பாருங்கள், யாருக்குச் சொல்லுகிறார் என்று பாருங்கள். ஆளின் படிப்பை அவருடைய பேச்சில் தேடாதீர்கள். நான் தேடி, ஒரு பட்டதாரிக்கு அரிச்சுவடி வாங்கிக்கொடுத்தவள்.

பேட்டியில் நான் சொல்லுக்குச் சொல் சரியாகச் சொன்னேன், ஒரு நல்ல மனிசனைக் கொலைகாரன் ஆக்கினேன். நடுவருக்கும் சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் சொன்னேன். மார்வின் அந்த நெடியவனுக்குச் சொன்னது 'விலகடா, வாறன்' என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நேர்மையான மொழிபெயர்ப்பாளர் அதைத்தான் சொல்லியிருக்கவேண்டும். நான் சாப்பாட்டைச் சொன்னேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான். ஆனால் பெரிய வெட்கம் என்று சொல்லமாட்டேன்.